எல்லாப் பக்கமும் தெரிகிற திரை

தங்கச்சிமாரே,

வேலை அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்து, ஓய்வூதியம் எடுத்து, செய்வதற்கு வேறொன்றும் இல்லாத காலத்தில்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் வருகிற மாதம் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகம் எனக்குக் கதிரை போட்டு வைத்திருக்கிறது. அதனால் இந்த ஸ்டூடியோவைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். முதலாளி அண்ணையும் நேற்று, "பிள்ளை, போறதுக்கு முதல் உனக்குத் தெரிஞ்சதை இவையளுக்கு எழுதிக் குடுத்திட்டுப் போ. பிறகு ஒவ்வொண்டுக்கும் உன்னைத் தேடி மலை ஏற எனக்கு ஏலாது" என்றார்.

படத்தை வெட்டுவது, நிறம் திருத்துவது, அல்பம் அடுக்குவது எல்லாவற்றையும் நீங்கள் இருவரும் வந்த கிழமையே பிடித்துவிட்டீர்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதப்போவது மடிக்கணினி வாங்குவதைப் பற்றி. இப்போது இருப்பதன் பிணைச்சல் ஆடத் தொடங்கிவிட்டது. மூடியைத் திறந்தால் அது தானாகவே படுத்துக்கொள்கிறது. கூடிய சீக்கிரம் முதலாளியும் உங்களில் ஒருத்தியும் கொழும்புக்குப் போக வேண்டி வரும். கடைக்காரன் வேகத்தைச் சொல்வான், நினைவகத்தைச் சொல்வான், எவ்வளவு மெல்லியது என்று இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுங்கள். திரையை மட்டும் அவன் சொல்லைக் கேட்டு வாங்காதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், கொஞ்சம் பெருமை பேசத்தான் வேண்டும். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல். லிங்கநகரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போன முதல் ஆள் நான். கணினி வகுப்பில் முதலாவதாக வந்ததற்குத் தந்த சான்றிதழ் எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அம்மா இரண்டுக்கும் சேர்த்தே பூ வைக்கிறா. ஆகவே, "பொம்பிளைப் பிள்ளைக்கு மெசின் விசயம் விளங்காது" என்று யாராவது தொடங்கினால், அந்தப் பூவின் வாசம் என் மூக்கில் ஏறிவிடும்.

எங்கள் ஸ்டூடியோவின் பாதி உழைப்பு, கடலைக் கடந்தால் வரும் முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் இருந்து வருகிறது. அங்கே கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கத்துப் படத்தைப் பெண்தான் எடுக்க வேண்டும், பெண்தான் திருத்த வேண்டும், பெண்தான் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் இங்கே சேர்வதற்கு முன்பு ஊரில் ஒரு கடை, எங்கள் கடை அல்ல, ஒரு மணப்பெண்ணின் படத்தைப் பெரிதாக்கித் தன் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டுவிட்டது. அதோடு கிண்ணியாப் பெண்கள் ஊர்க் கமராக்காரர் எல்லாருக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வீடு வீடாகப் போய், "இந்தப் படங்களை ஒரு ஆம்பிளையும் பார்க்க மாட்டான். எங்கட முதலாளி கூடப் பார்க்க மாட்டார்" என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தக் கதவுகளைத் திறந்தேன். அந்த வாக்கு ஒரு தரம் உடைந்தால் மறுபடி ஒட்டாது. முதலாளி இன்றைக்கும் என் மேசைக்கு வரும்போது இருமிக்கொண்டுதான் வருகிறார், கவனித்திருப்பீர்கள். அவருக்குச் சளி இல்லை.

அப்போது எங்களிடம் இருந்த மடிக்கணினியின் திரை மகா மட்டமானது. நேரே இருந்து பார்த்தால் படம். கொஞ்சம் விலகினால் கலங்கல். என் மேசைக்குப் பின்னால்தான் எல்லாரும் கிணற்றடிக்குப் போய் வருவார்கள். போகிற வருகிற ஆண்களுக்கு அதில் ஒரு மங்கல்தான் தெரியும். "மெசினோட சேர்த்து ஒரு திரைச்சீலையும் சும்மா தந்திருக்கிறாங்கள்" என்று முதலாளி பெருமைப்படுவார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு கிண்ணியாவில் ஒரு வியாபாரியின் மூத்த மகளின் கலியாணம் வந்தது. வீட்டில் நான்கு பெண்கள். மூத்தவளின் அல்பம் நன்றாக வந்தால் மற்ற மூவரும் எங்களுக்கு. கெட்டால் நாலும் போச்சு. அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய அந்த மட்டத் திரையைக் கொண்டுபோனேன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மடிக்கணினியைக் கண்டுபிடித்த நாட்டில் ஒரு ஆள் தனியாக ஒரு மேசைக்கு முன்னால் இருந்து பார்ப்பார் போல. நமது ஊரில் அப்படி யார் பார்க்கிறார்கள்? மணப்பெண்ணின் உம்மா கதிரையில் இருந்தார். சாச்சி பாயில். மாமி, இடமில்லாமல், கதிரைக்குப் பின்னால் நின்றா. மிச்சப் பேர் ஜன்னல் கட்டில், அலுமாரி ஓரத்தில், ஒருத்தர் தோளில் ஒருத்தராக. நான் முதல் படத்தைத் திறந்தேன்.

"என்ன தங்கச்சி, எங்கட புள்ளைய இப்பிடிக் கறுப்பாக்கிப் போட்டீங்க?" என்றா பாயில் இருந்த சாச்சி.

"கறுப்பா?" என்றா பின்னால் நின்ற மாமி. "சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி வெள்ளையாக் கிடக்கு. மூக்கக் காணல்ல."

"ரெண்டு பேரும் கண்ணாடி போடுங்க. புள்ள அவள்ட நிறத்திலதான் இரிக்கா" என்றார் நேரே இருந்த உம்மா.

"ஓம், உங்கட புள்ள எண்டா நிறம். எங்கட மகள்ட கலியாணத்திலயும் நீங்க இதத்தானே சொன்ன நீங்க, அவள் கறுப்பெண்டு" என்றா மாமி.

"நான் எப்ப சொன்ன?"

அந்த மாதிரித் திரையைக் கீழே இருந்து பார்த்தால் படம் கறுக்கும். மேலே இருந்து பார்த்தால் வெளுக்கும். அதை நான் விளக்கப்போன நேரம், கதை ஏற்கெனவே பழைய கலியாணம் ஒன்றுக்குப் போய்விட்டது. மணப்பெண் ஒரு மூலையில் இருந்து, "நான் என்ன நிறமெண்டு இப்ப எனக்கே தெரியல்ல" என்று முணுமுணுத்தாள். ஒரு படமும் தெரிவாகவில்லை. "நல்ல மெசின் ஒண்டு கொண்டு வாங்க மகள். இல்லாட்டி வேற ஆளப் பாப்பம்" என்று உம்மா மெதுவாகச் சொல்லி அனுப்பினார். மெதுவாகச் சொன்னதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அப்படித்தான் முதலாளியும் நானும் கொழும்புக்குப் பஸ் ஏறினோம்.

கொழும்புப் பயணம் உங்களுக்குத் தெரியும். வழி முழுக்க இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி ஏற வேண்டும். இரவு தங்கினால் லொட்ஜில் பதிவு, விசாரணை, "ஏன் வந்தனீ?" அதனால் பின்னேர பஸ்ஸுக்குள் வாங்கி முடித்துத் திரும்பிவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அவசரத்தில் வாங்குகிறவனைக் கடைக்காரன் வாசலிலேயே அடையாளம் கண்டுவிடுவான்.

கண்டுவிட்டான். குளிரூட்டிய கடை, நீல வெளிச்சம், நடுவில் இரண்டு மடிக்கணினி. ஒன்று பளபளக்கும் கண்ணாடித் திரை. அதில் ஓடவிட்டிருந்த கிளி, திரையைக் கொத்திக்கொண்டு வெளியே பறந்து வந்துவிடும் போலிருந்தது. மற்றது மங்கிய, மினுக்கம் இல்லாத திரை. பழைய பாடப்புத்தகம் மாதிரி ஒரு தோற்றம். விலை மட்டும் கண்ணாடித் திரையை விடக் கூட. விலையைக் கேட்டதும் முதலாளி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"இதைப் பாருங்க சேர், கலர் எல்லாம் அப்பிடியே ஜூஸ் மாதிரி" என்று விற்பனைப் பையன் கண்ணாடித் திரையைத் திருப்பினான்.

முதலாளி சொக்கிப்போனார். "பிள்ளை, இந்தக் கிளியைப் பாரன்!"

"அண்ணை, நாங்கள் கிளிக்குக் கலியாணம் செய்து வைக்கேல்லை" என்றேன்.

நான் ஒரு சீடித் தட்டில் என் சொந்தப் படம் ஒன்றைப் பதிந்து கொண்டுபோயிருந்தேன். கைப்பையில் அதே படத்தின் அச்சுப்பிரதி. தங்கச்சிமாரே, திரை பார்க்கப் போகும்போது உங்கள் முகத்தைக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளரின் படத்தை அந்நியக் கடையில் திறக்கவே கூடாது. அதை விட, உங்கள் நிறம் உங்களுக்குத் தெரியும். அதில் ஒருவரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கண்ணாடித் திரையில் என் படம் விரிந்தது.

"பாருங்க மிஸ், எவ்வளவு வெள்ளையா இருக்கிறீங்க!" என்றான் பையன்.

"அது நான் இல்லை, தம்பி" என்று அச்சுப்பிரதியைப் பக்கத்தில் பிடித்தேன். "நான் இது. இந்த மெசினை நம்பி அச்சடிச்சா, எல்லாப் பெண்ணும் அல்பத்தில ஒரு நிறம், வீட்டில ஒரு நிறமா இருப்பினம். அடி எனக்குத்தான் விழும்."

பிறகு முதலாளியைப் பார்த்து, "அண்ணை, நிலத்தில இருங்கோ" என்றேன்.

"என்ன?"

"பாயில இருக்கிற சாச்சி நீங்கள்தான். இருங்கோ."

கொழும்புக்கென்று வெள்ளைச் சேர்ட் போட்டு வந்த மனிசன், பாவம், கடை நடுவில் சப்பாணி கட்டி இருந்தார். பையனை ஒரு முக்காலியில் ஏறி நிற்கச் சொன்னேன், அவன் மாமி. கடைக்கு வந்த மற்றவர்கள் மடிக்கணினியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"எப்பிடி இருக்கிறன்?"

"கரிச்சட்டி மாதிரி" என்றார் நிலத்தில் இருந்த முதலாளி.

"முகமே வெளுத்துப் போச்சு மிஸ், தலைமுடி மட்டும் தெரியுது" என்றான் முக்காலியில் நின்ற பையன்.

மங்கிய திரையில் அதே படத்தைத் திறந்தேன். இருவரும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு முதலாளி, "நீதான் பிள்ளை" என்றார். மேலேயிருந்தும், "ஓம் மிஸ், நீங்கதான்" என்று வந்தது. வலப்பக்கம் போனேன், இடப்பக்கம் போனேன். எங்கே நின்று பார்த்தாலும் என் மாநிறம் மாறாமல் இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். மின்னிணைப்பைக் கழற்றினேன், பற்றரியில் ஓடும்போது சில திரைகள் வாடிப்போகும், நமது ஊரில் கரண்ட் போகாத நாள் எது? இது வாடவில்லை. வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பல்லி பூச்சியைத் தேடுவது போல மூலை மூலையாகத் தேடினேன். நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிவப்புப் புள்ளி, அசையாமல்.

"அது சின்னப் புள்ளிதானே மிஸ்."

"மணப்பெண்ணின்ர கன்னத்தில வந்தா மச்சம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மச்சத்தைத் தேடுவினம். உள்ளுக்க வேற இருக்கோ?"

பையன் அதே மாதிரியில் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தான். அது சுத்தம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான், நிலத்தில் இருந்து எழும்பிச் சேர்ட்டைத் தட்டிய முதலாளி, ஒரு கேள்வி கேட்டார். அவர் கிளியைப் பார்த்து மயங்குவார், ஆனால் மடையர் அல்ல.

"பிள்ளை, இது எல்லாப் பக்கமும் தெரியுதே."

"அதுக்குத்தானே அண்ணை வாங்கிறம்."

"கிணத்தடிக்குப் போற பெடியன்களுக்கும் தெரியும். பஸ்ஸில பக்கத்துச் சீற்றில இருக்கிறவனுக்கும் தெரியும். நீ ஒரு ஆம்பிளையும் பாக்க மாட்டானெண்டு வாக்குக் குடுத்தனீ. மட்டமான திரை உன்ர வாக்கைக் காப்பாத்திச்சு. நல்ல திரை காப்பாத்துமோ?"

அவர் சொன்னது சரி. பளபளத்ததை வாங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, வாக்கும் பத்திரமாக இருக்கும். ஆனால் கிண்ணியா வீட்டில் மறுபடி கறுப்பு வெள்ளைச் சண்டை. மங்கியதை வாங்கினால் சாச்சிக்கும் மாமிக்கும் ஒரே பெண் தெரிவாள். ஆனால் ஒரு கவனக்குறைவில், பார்க்கக் கூடாத ஒரு கண்ணுக்கும் தெரிவாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. பையன் இரண்டு பெட்டியிலும் கை வைத்தபடி நிற்கிறான்.

"அண்ணை" என்றேன், "காட்டுறது மெசின்ர வேலை. மறைக்கிறது என்ர வேலை. என்ர வேலையை மெசினிட்டக் குடுத்திட்டு நான் சும்மா இருக்க ஏலாது. இதை வாங்குவம்."

"பிறகு என்னைக் குறை சொல்லாதை" என்று அவர் பணப்பையைத் திறந்தார்.

என் மேசை ஏன் சுவரில் முதுகு முட்ட நிற்கிறது, ஏன் சுற்றிவர அம்மாவின் பழைய சேலை தொங்குகிறது என்று நீங்கள் வந்த அன்று கேட்டீர்கள். கொழும்பில் இருந்து வந்த மறுநாள் நான் செய்த முதல் வேலை அது. அந்த மேசையைத் திருப்பிவிடாதீர்கள்.

ஆனால் மேசையைத் திருப்பலாம், றோட்டைத் திருப்ப முடியாது. புது மடிக்கணினியில் மணப்பெண்ணின் படங்களை அடுக்கி, கிண்ணியாவுக்குப் போனேன். அட்டைப்படம் எது என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். உம்மாவுக்குத் தலை குனிந்திருக்கும் படம் பிடிக்கும். பெண்ணுக்குத் தான் வாய்விட்டுச் சிரிக்கும் படம். இரண்டுமே உள்ளே இருந்தன. கடலைக் கடக்கத் துறைக்குப் போனால், பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் மிதவை, நமது ஊர்ப் பேச்சில் 'பாதை', புறப்பட நிற்கிறது. அதற்கு முன்னால் சோதனைச் சாவடி. எனக்குப் பின்னால் நீண்ட ஆண்கள் வரிசை. சிப்பாய் என் பையைத் திறந்தான்.

"லப்டொப். ஓன் பண்ணுங்க."

மூடியைத் திறந்து விளக்கு எரிவதைக் காட்டினேன்.

"உள்ளுக்கு என்ன? காட்டுங்க."

பின்னால் இருந்த கழுத்துகள் எல்லாம் நீண்டன. எனக்கு முதலாளியின் கேள்வி காதில் கேட்டது. மறுக்க முடியாது, மறுத்தால் மடிக்கணினி அங்கேயே நிற்கும், நானும் நிற்பேன். காட்டினால், எல்லாப் பக்கமும் தெரிகிற அந்த அருமையான திரையில், கடைசி ஆள் வரைக்கும் பெண்ணைப் பார்ப்பான். பிறகு எந்த முகத்தோடு பாதை ஏறுவது?

சாவடிக்குப் பக்கத்தில், தகரமும் சாக்கும் கட்டிய மறைப்பு ஒன்று இருந்தது. பெண்களை அதற்குள்ளேதான் ஒரு பொலிஸ்காரி சோதிப்பா.

"சேர்" என்றேன், பஸ்ஸில் பொறுக்கிய சிங்களமும் தமிழும் கலந்து, "பொம்பிளையளை அங்கதானே சோதிக்கிறனீங்கள்?"

"ஓவ்" என்று தலையாட்டினான்.

"இதுக்குள்ள இருக்கிற எல்லாரும் பொம்பிளையள். இவையளையும் அங்க சோதியுங்கோ."

சிப்பாய் என்னைப் பார்த்தான், மடிக்கணினியைப் பார்த்தான். சின்னப் பெடியன். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று யோசிப்பது நெற்றியில் தெரிந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. மறைப்பைப் பார்த்து ஏதோ கத்தினான். உள்ளேயிருந்து ஒரு கை என்னை வரச் சொன்னது.

பொலிஸ்காரி ஒரு சின்ன வாங்குப் பலகையில் இருந்தா. நான் நின்றபடியே படங்களைத் திறந்தேன். முதல் படத்திலேயே அவவின் கை வாய்க்குப் போனது. "ஷோக் நங்கி!" நல்ல வடிவு தங்கச்சி என்கிறா. அடுத்த படம். அதற்கு அடுத்தது. சோதனைக்கு வரிசையில் நின்ற பெண்கள், சாக்கை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒரு ரீச்சர், குழந்தையோடு ஒரு தாய், மீன்கூடையோடு ஒருத்தி. ஒருவருக்கும் கழுத்தை முறிக்கத் தேவை வரவில்லை.

"மாலையைப் பாருங்கோ, என்ன வடிவு."

"கையில மருதோன்றி யார் போட்டது?"

"தள்ளுங்கோ, கூடை இடிக்குது."

வெளியே மிதவைக்காரன் மணி அடித்தான். சிப்பாய் ஏதோ கேட்டான். பொலிஸ்காரி திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் சோதித்து முடியவில்லை என்று சிங்களத்தில் அதட்டினா. நான் தலை குனிந்த படத்தையும் சிரிக்கிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, அட்டைக்கு எது என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை, ஆனால் கூட்டம் நல்ல கூட்டம். பொலிஸ்காரி தயங்காமல் ஒன்றில் விரலை வைத்தா.

இந்தக் கதையைக் கேட்ட முதலாளி, "அந்தக் கண்ணாடித் திரையை வாங்கியிருந்தா, வெயிலுக்கு அந்தச் சாவடிப் பெடியன் தன்ர மூஞ்சையை மட்டும்தான் பாத்திருப்பான்" என்றார். அதுவும் உண்மைதான். மட்டமான திரைக்கும் ஒரு நல்ல நாள் வரும். அந்த ஒரு நாளுக்காக அதை வாங்கக் கூடாது.

கிண்ணியா வீட்டில் பாயில் சாச்சி, கதிரையில் உம்மா, பின்னால் மாமி. திரையைத் திறந்தேன். ஒருவரும் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. "இதுதான் எங்கட புள்ள" என்று சாச்சி மட்டும் சொன்னா.

அப்போது உம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "மகள், சாவடியில மெசினத் திறந்து காட்டச் சொல்லுவானுகளே. இத ஆராச்சும் பாத்தா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஒருவரும் விசாரிக்கப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொரு தரமும் இதே கேள்விக்கு இதே பொய்யைச் சொல்லிக்கொண்டு என்னால் பாதை ஏற முடியாது. நடந்ததைச் சொன்னேன். ஒரு ஆணும் பார்க்கவில்லை. ஒரு பொலிஸ்காரி பார்த்தா. வரிசையில் நின்ற பெண்களும் பார்த்தார்கள்.

மாமி சாச்சியைப் பார்த்தா. சாச்சி உம்மாவைப் பார்த்தா. உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாலு கலியாணத்தையும் மனதுக்குள் வழியனுப்பத் தொடங்கினேன்.

"பொம்பிளைதானே?" என்றார் கடைசியில்.

"பொம்பிளையள் மட்டும்தான், உம்மா."

"அந்தப் பொலிஸ்காரி என்ன சொன்னா?"

"ஷோக் எண்டா."

"எந்தப் படத்த?"

பெண் சிரிக்கிற படத்தைக் காட்டினேன். மூலையில் இருந்த மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். உம்மா அவளை முறைத்தார். என்னை முறைத்தார். பிறகு பாயில் இருந்த சாச்சியின் பக்கம் திரும்பினார்.

"பொலிஸே சொன்ன பொறகு நாம என்ன கதைக்கிற? அதையே அடிக்கச் சொல்லுங்க."